11 ஆயிரமா, 52 ஆயிரமா? அதற்கு முன் ஒருமுறை மொட்டை மாடிக்குப் போய் வாருங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தரைத் தளமும் மாடியும் உள்ள சொந்த வீடு. கீழே மாமனார், மாமியார். மேலே இவரும் கணவரும் ஐந்து வயது மகளும். மாமனாருக்கு 74 வயது. நெடுநாள் சர்க்கரை நோயாளி, பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. சுடுதண்ணீருக்கு மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர்.

கடந்த ஏப்ரலில் ஒரு மத்தியானம், மகள் விளையாடிவிட்டு வந்து கை கழுவச் சுடுதண்ணீர்க் குழாயைத் திருப்பியிருக்கிறாள். கையில் கொப்புளம். நல்லவேளை, ஆழமான காயமில்லை. அன்றே வாசகி, வைத்த சூட்டிலேயே தண்ணீரைக் கலந்து தரும் தெர்மோஸ்டாட்டிக் ஷவர் போடுவதென்று முடிவு செய்துவிட்டார். கடையில் இரண்டு காட்டியிருக்கிறார்கள். ஒன்று, சுவருக்கு வெளியே பொருத்தும் இந்திய பிராண்ட், 11,000 ரூபாய். மற்றது, சுவருக்குள் பதிக்கும் ஜெர்மன் கம்பெனி மாடல், எட்டு அங்குல ரெயின் ஷவரோடு 52,000. "ஒரு குழாய்க்கு 11 ஆயிரமே அதிகம்" என்கிறார் கணவர். "பாதுகாப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதே" என்கிறார் துபாயில் இருக்கும் அண்ணன்.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் இதையும் எழுதியிருக்கிறார்: "போன வருஷம் பச்சைத் தண்ணீர் லைனுக்கு ப்ரெஷர் பம்ப் போட்டோம். அதிலிருந்து குளிக்கும்போது திடீரென்று சூடு போய்விடுகிறது. சில நாள் சோலார் டேங்க் மேலே நிற்கும் குழாயிலிருந்து தண்ணீர் வழிகிறது. சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் பழசாகிவிட்டது என்று நினைக்கிறேன். புதுசு போட்டால் இதுவும் சரியாகிவிடும் இல்லையா? அப்புறம், ரெயின் ஷவர் போடலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தப் பம்ப் பற்றிய நாலு வரிதான். விலையைப் பற்றி அப்புறம் பேசலாம். இப்போதைய நிலையில் 11 ஆயிரம் மாடலைப் போட்டாலும் 52 ஆயிரம் மாடலைப் போட்டாலும் உங்கள் வீட்டில் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யாது. காரணம் மொட்டை மாடியில் இருக்கிறது.

உங்கள் பழைய மிக்ஸர் மேல் தப்பில்லை

தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). உங்கள் சோலார் டேங்க்கிலிருந்து தரைத் தளக் குளியலறைக்கு ஐந்து மீட்டர் இறக்கம் இருந்தால் சுடுதண்ணீர் அரை பார் அழுத்தத்தில் வருகிறது. மாடிக் குளியலறையில் அது இன்னும் குறைவு, 0.2 பார் அளவில் இருக்கலாம். பச்சைத் தண்ணீர் லைனிலோ பம்ப் இருக்கிறது. வீட்டு பம்ப்புகள் சாதாரணமாக 1 முதல் 2 பார் வரை தள்ளும்.

இந்த இரண்டும் மிக்ஸருக்குள் சந்திக்கும்போது வலுத்தது மெலிந்ததைத் தள்ளிவிடும். இரண்டு பிடியையும் திறந்து வைத்திருக்கிறீர்கள், ஷவரின் துளைகளில் பாதி உப்பு அடைத்திருக்கிறது என்றால், பச்சைத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து மேலே ஏறுகிறது. குளிக்கும்போது சூடு போவது அதனால்தான். ஏறிய தண்ணீர் சோலார் டேங்க்கை நிரப்பி, காற்றுக்குழாய் வழியாக வழிகிறது. இவ்வளவு நாள் சூரியன் சுட வைத்த தண்ணீரைப் பம்ப் குளிர வைத்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் கரண்ட் பில் வேறு.

புது மிக்ஸர் போட்டால் இது தீராது. நல்ல தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸரின் இரண்டு வாயிலிலும் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் என்.ஆர்.வி வால்வு இருக்கும், ஆகவே டேங்க் வழிவது நிற்கும். ஆனால் எதிரே 2 பார் அழுத்தம் நிற்கும்போது அரை பாரில் வரும் சுடுதண்ணீரால் அந்த வால்வைத் தள்ளித் திறக்க முடியாது. பணத்தைக் கொட்டிப் புதுசு போட்டும் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பீர்கள். உடனே கடைக்காரரோடு சண்டை. இப்படி நான் பார்த்த வீடுகள் அதிகம்.

உள்ளே நடப்பது என்ன

தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் தண்ணீரைச் சுட வைக்காது. அதற்குக் கரண்ட் கனெக்‌ஷனும் கிடையாது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜில், அதாவது கழற்றி மாற்றக்கூடிய உள்பாகத்தில், ஒரு சின்னக் குப்பியில் மெழுகு அடைத்திருக்கும். கலந்த தண்ணீர் அதன் மேல் ஓடுகிறது. சூடு கூடினால் மெழுகு விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். சுடுதண்ணீர் வழி சுருங்கி, பச்சைத் தண்ணீர் வழி அகலும். சூடு குறைந்தால் நேர்மாறு. பக்கத்தில் ஓர் ஆள் நின்று இடைவிடாமல் வெந்நீர் விளாவித் தருவது மாதிரி. இதில் உங்களுக்கு வேண்டிய குணம் இன்னொன்றும் உண்டு: பச்சைத் தண்ணீர் திடீரென்று நின்றுபோனால் சுடுதண்ணீரையும் சேர்த்து அடைத்துவிடும். சாதாரண மிக்ஸரில் அந்த நேரத்தில் கொதிக்கும் தண்ணீர்தான் தலையில் விழும்.

இங்கே சோலார் ஹீட்டருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கீசரில் 60 டிகிரி என்று வைத்தால் அங்கே நின்றுவிடும். சோலாருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரை அதிகம் எடுக்காத நாளில் 70, 80 டிகிரிக்குப் போகும். பல தெர்மோஸ்டாட்டிக் மாடல்கள் உள்ளே வரும் தண்ணீர் 60, 65 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்கின்றன. சிலவற்றுக்கு 70 டிகிரிதான் உச்சவரம்பு. பெட்டிக்குள் வரும் காகிதத்தில் இது அச்சிடப்பட்டிருக்கும். கடையில் யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். பச்சைத் தண்ணீர் 27 டிகிரி, குளிக்க வேண்டியது 39 டிகிரி. சோலார் தண்ணீர் 70 டிகிரியில் வந்தால், நாலில் ஒரு பங்கு சுடுதண்ணீர் போதும். அதாவது சுடுதண்ணீர் வழி கிட்டத்தட்ட மூடிய நிலையிலேயே வேலை செய்ய வேண்டும். தண்டு துளி நகர்ந்தாலும் சூடு ஏறி இறங்கும். அதே தண்ணீர் 50 டிகிரியில் வந்தால் பாதிக்குப் பாதி கலந்தால் போதும். கார்ட்ரிட்ஜ் நடுவில் நின்று நிதானமாக வேலை செய்யும். மலிவு மாடலும் அங்கே நன்றாகவே நடந்துகொள்ளும்.

மாடியிலேயே அடக்குவது

ஆகவே நான் முதலில் செலவழிக்கச் சொல்வது மொட்டை மாடியில். ஒன்று, சோலாரிலிருந்து இறங்கும் லைனுக்கும் ஒரு பம்ப். சுடுதண்ணீருக்கென்றே செய்தது, பச்சைத் தண்ணீர் பம்ப் தரும் அதே அளவு அழுத்தம் தருவது. இரண்டு, அதற்கு அடுத்து ஒரு டெம்பரிங் வால்வு. இதுவும் மெழுகு வைத்த கலப்பு வால்வுதான். வீட்டுக்கு இறங்கும் சுடுதண்ணீரை மொத்தமாக 50 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். சோலாருக்கென்று அதிக சூட்டைத் தாங்கும் மாடல்கள் தனியாக வருகின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் குளியலறைக்குப் போகும் சுடுதண்ணீர் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் வீடுகளில் குளியல் தொட்டிக்கு 48 டிகிரி.

ஏன் இந்த எண்கள்? 1947ல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிகஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் தோல் வெந்துபோகிறது என்று அளந்தார்கள். 60 டிகிரியில் ஐந்து விநாடி போதும். 49 டிகிரியில் சில நிமிடங்கள் ஆகும். இது பெரியவர்களின் தோலுக்கு. குழந்தைக்கும் முதியவருக்கும் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் ஆகும். ஐந்து விநாடியில் உங்கள் மகள் கையை எடுப்பதற்குள் காரியம் நடந்துவிடும். நிமிடக் கணக்கில் இருந்தால் "ஆ" என்று கத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். மாமனார் விஷயம் வேறு. பாதத்தில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சுடுவதே தெரியாது. அவர் காலை எடுக்கவே மாட்டார். அதனால்தான் அவருடைய குளியலறைக்கு 50 டிகிரிக்கு அடக்குவது மட்டும் போதாது, அங்கே தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸரும் வேண்டும்.

பம்ப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சோலார் டேங்க்கின் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கக் கூடாது. அடைபட்டிருந்தால் பம்ப் இழுக்கும் வேகத்தில் டேங்க் உள்வாங்கி நசுங்கிவிடும். டேங்க்குக்குத் தண்ணீர் வரும் பைப்பும் மெலிதாக இருக்கக் கூடாது.

சோலாருக்கு பம்ப் வேண்டாம் என்று கணவர் சொன்னால், தரைத் தளத்துக்கு மட்டும் ஒரு மாற்று வழி உண்டு. அந்தக் குளியலறையின் பச்சைத் தண்ணீர் லைனைப் பம்ப்பிலிருந்து பிரித்து, மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேராக இறக்குங்கள். இரண்டும் அரை பாரில் சமமாக வரும். செலவு, கொஞ்சம் பைப்பும் ப்ளம்பர் கூலியும்தான். ஆனால் அப்போது குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த மிக்ஸர் வேண்டும். ஐரோப்பியத் தரங்களில் சாதாரண தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸருக்கு ஈ.என் 1111, குறைந்த அழுத்தத்துக்கு ஈ.என் 1287. ஜெர்மன் மாடல்கள் பெரும்பாலும் குறைந்தது 1 பார் கேட்பவை. அரை பாரில் அண்ணன் சொன்ன மாடல் மூக்குச் சளி மாதிரிதான் ஒழுகும். இந்த வழியில் மாடியில் மகளுக்குப் பாதுகாப்பு கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பம்ப் வழிதான் பிடித்திருக்கிறது.

அந்த 41 ஆயிரம் எதற்கு

இப்போது விலைக்கு வருகிறேன். விலை அதிகமான மாடலில் பணம் சும்மா போவதில்லை. நிஜமான வித்தியாசங்கள் உண்டு. சூடு மாறும்போது நல்ல கார்ட்ரிட்ஜ் சட்டென்று திருத்திக்கொள்ளும். மலிவானது ஒரு விநாடி, இரண்டு விநாடி அதிகச் சூட்டை விட்டுவிட்டுத் திருத்தும். நல்ல மாடலில் உடல் பகுதி கனமான பித்தளை, வெளிப்புறம் சுடாத அமைப்பு, குரோம் பூச்சு தடிமன். மலிவு மாடல் சிலவற்றில் கைப்பிடியும் மூடியும் துத்தநாகக் கலவையாகவோ குரோம் பூசிய பிளாஸ்டிக்காகவோ இருக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பார்கள் சிலர், அதில் பயனில்லை. பித்தளையும் துத்தநாகமும் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள், பித்தளை கனக்கும்.

ஆனால் உங்களுக்குச் சொன்ன 52 ஆயிரத்தில் கணிசமான பங்கு ரெயின் ஷவருக்கும், சுவருக்குள் பதிக்கும் அமைப்புக்கும், அழகுக்கும். பாதுகாப்புக்கு அல்ல. 38 டிகிரியில் ஒரு பூட்டு, அதைத் தாண்டப் பொத்தானை அழுத்தியாக வேண்டும் என்ற ஏற்பாடு, பச்சைத் தண்ணீர் நின்றால் தானே மூடுவது, இரண்டு என்.ஆர்.வி, வாயிலில் குப்பை தடுக்கும் வலை: இவை இருந்தால் பாதுகாப்பு முடிந்தது. நடுத்தர விலை மாடல்களிலேயே இவை கிடைக்கின்றன. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். கணவரிடம் சொல்ல வேண்டியது வேறு: "தெர்மோஸ்டாட்டிக்" என்று எழுதியிருக்கும் எல்லாமே அப்படியல்ல. சூட்டை டிஜிட்டலில் காட்டும் விளக்கு மட்டும் வைத்த ஷவர்களும் அந்தப் பெயரில் ஆன்லைனில் விற்கின்றன. எண்ணைக் காட்டும், கட்டுப்படுத்தாது.

உங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கப் போவது போர் தண்ணீர். சுடச் சுட அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து வெள்ளைப் படிவாக ஒட்டும். மெழுகுக் குப்பியைச் சுற்றி அது படிந்தால் சூட்டை உணர்வது மந்தமாகும், தண்டு இறுகும். ஜெர்மனியில் செய்ததும் இறுகும், இங்கே செய்ததும் இறுகும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை வருஷ வாரன்டி?" என்பதல்ல, "கார்ட்ரிட்ஜ் தனியாகக் கோவையில் கிடைக்குமா, என்ன விலை?" என்பதுதான். முடிந்தால் மிக்ஸர் வாங்கும்போதே ஒன்றைச் சேர்த்து வாங்கி அலமாரியில் வையுங்கள். கார்ட்ரிட்ஜ் கிடைக்காத 52 ஆயிரம் மாடலை விட, கிடைக்கும் 15 ஆயிரம் மாடல் மேல். மாதம் ஒருமுறை சூடு வைக்கும் பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது கார்ட்ரிட்ஜைக் கழற்றி வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ ஊறவைத்துக் கழுவச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால் சுவருக்குள் பதிக்கும் மாடலை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். டைல்ஸ் உடைக்க வேண்டும், பின்னால் கோளாறு வந்தால் திரும்பவும் உடைக்க நேரலாம். உங்கள் பழைய வால் மிக்ஸரின் இரண்டு பைப்புகளுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஆறு அங்குலம், 150 மில்லிமீட்டர் இருக்கும். வெளியே பொருத்தும் தெர்மோஸ்டாட்டிக் மாடல்களுக்கும் அதே அளவுதான். பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டிவிடலாம். சுடுதண்ணீர் இடது பக்கம், பச்சைத் தண்ணீர் வலது பக்கம் வருகிறதா என்று மட்டும் சரிபாருங்கள். மாறியிருந்தால் சாதாரண மிக்ஸர் எப்படியோ ஓடும், தெர்மோஸ்டாட்டிக் ஓடாது.

மாமனார் எதில் குளிக்கிறார்?

இதை நீங்கள் எழுதவில்லை. என் ஊகம்: ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, சொம்பால் ஊற்றிக்கொள்கிறார். நம் வீடுகளில் அந்த வயதில் ஷவருக்குக் கீழே நிற்பவர்கள் குறைவு. அப்படியானால் ஷவரை மட்டும் மாற்றிவிட்டு, பக்கெட்டுக்குப் பழைய குழாயை விட்டுவைத்தால் நீங்கள் செலவழித்தது எதுவும் அவரைக் காப்பாற்றாது. ஷவருக்கும் கீழ்க் குழாய்க்கும் இரண்டு வழி உள்ள மாடலாகப் பார்த்து, பக்கெட்டுக்குத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆக்குங்கள். சுடுதண்ணீர் மட்டும் வரும் தனிக் குழாய் அங்கே இருந்தால் மூடிவிடுங்கள். அவருக்கு 38 டிகிரி பூட்டைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.

பொருத்தியதும் ப்ளம்பரை அனுப்பிவிடாதீர்கள். சமையலறைத் தெர்மாமீட்டரோ குழந்தைக்கு வைத்திருப்பதோ எதுவானாலும் சரி, 38ல் வைத்து வரும் தண்ணீரின் சூட்டை அளந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் பிடியைக் கழற்றித் திருத்திவைக்க இடம் உண்டு. பிறகு பச்சைத் தண்ணீரை வெளி வால்வில் மூடிப் பாருங்கள். சில விநாடிகளில் சுடுதண்ணீரும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

பில், வாரன்டி

"பத்து வருஷ வாரன்டி" என்று கடையில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் உடல் பகுதிக்கும் பூச்சுக்கும். உப்புப் படிவால் வரும் கோளாறை வாரன்டி அட்டையிலேயே விலக்கியிருப்பார்கள். மாடல் எண்ணோடு ஜி.எஸ்.டி பில் வாங்குங்கள். உங்கள் வீட்டு அழுத்தத்தையும் சோலார் இருப்பதையும் சொல்லி, அதற்குப் பொருந்தும் என்று கடைக்காரரை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் குறைபாடு என்று தெரிந்து அவர்கள் கைகழுவினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் கீழ் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் பம்ப் கோளாறை வைத்துக்கொண்டு மிக்ஸர் மேல் வழக்குப் போட்டால் நிற்காது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. பம்ப்பும் டெம்பரிங் வால்வும் அடுத்த கோடைக்கு முன் முடியட்டும். மிக்ஸரை அதன் பிறகு வாங்குங்கள். நான் சொன்ன மொத்த வேலையும், நடுத்தர மிக்ஸரும் சேர்த்து, அந்த 52 ஆயிரத்துக்குள் முடியும் என்பது என் கணிப்பு. அதுவரை பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் சுடுதண்ணீர் என்று பழக்குங்கள். மகளின் கைக்கு எட்டும் சுடுதண்ணீர்க் குழாயின் பிடியை இன்றைக்கே கழற்றி வையுங்கள். மாமனாருக்குச் சூடு பார்க்க அவர் காலை நம்பாமல் மாமியார் முழங்கையை நனைத்துப் பார்க்கட்டும். கால் பராமரிப்பைப் பற்றி அவருடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அது என் துறை அல்ல.

ரெயின் ஷவர் கேட்டிருந்தீர்கள். இரண்டு பம்ப் வந்த பிறகு போடலாம், தடையில்லை. ஆனால் எட்டு அங்குல ஷவர் நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர் சர்வசாதாரணமாகக் குடிக்கும். போர் தண்ணீரில் அதன் ரப்பர் துளைகளை வாரம் ஒருமுறை விரலால் தேய்த்துவிட உங்களுக்குப் பொறுமை இருந்தால், மாடியில் உங்கள் குளியலறையில் போடுங்கள். கீழே வேண்டாம், அங்கே கையில் பிடிக்கும் ஷவரும் சுவரில் ஒரு கைப்பிடியும்தான் தேவை.